சாட்டையுடன் வந்த நாயகி: ‘ஃபியர்லெஸ்’ நாடியா மறைந்து 30 ஆண்டுகள்

மும்பை, ஜன. 9: இந்தியத் திரைப்படங்களில் நாயகியர் பெரும்பாலும் கண்ணீர் சிந்தும் வேடங்களிலேயே தோன்றிய காலத்தில், முகமூடி அணிந்து, கையில் சாட்டை ஏந்தி, குதிரை மீது வந்து கொடியவர்களைப் புடைத்தெடுத்த நடிகை ‘ஃபியர்லெஸ்’ நாடியா மறைந்து இன்றுடன் 30 ஆண்டுகள் நிறைவடைகின்றன.

ஆஸ்திரேலியாவில் பிறந்து, பெஷாவரில் வளர்ந்து, மும்பையில் புகழ் பெற்ற அவர், தமது 88-ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள், 1996-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி மும்பையில் காலமானார். ஓடும் ரயிலின் கூரையிலும், கோட்டை மதில்களிலும், சிங்கங்களின் நடுவிலும் அஞ்சாது நடித்த அவருக்கு, ரசிகர்கள் அளித்த அடைமொழியே ‘அச்சமற்ற நாடியா’ என்பதாகும்.

திரையில் அவர் ஏற்ற பாத்திரங்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ஆனால், தாம் விரும்பியவரை மணந்துகொள்வதற்கு அவர் தமது 53-ஆவது வயது வரை காத்திருக்க நேர்ந்தது. அவரது வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்ப்பவர்களுக்கு, அவர் செய்த சாகசங்களைவிட இந்த முரண்பாடே பெரிதாகத் தோன்றும்.

பெர்த் நகரிலிருந்து பெஷாவருக்கு

நாடியாவின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1908-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அவர் பிறந்தார். தந்தை பிரிட்டன் நாட்டவர், ராணுவத்தில் பணியாற்றியவர். தாய் கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்தவர்.

தந்தையின் படைப்பிரிவு இந்தியாவுக்கு மாற்றப்பட்டதை அடுத்து, குழந்தைப் பருவத்திலேயே மேரி பெற்றோருடன் மும்பை வந்து சேர்ந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்குச் சென்ற தந்தை 1915-இல் உயிரிழந்தார். உறவினர் எவரும் அருகில் இல்லாத நாட்டில், தாயும் மகளும் தனித்து விடப்பட்டனர்.

1922-இல் மேரி வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் தலைமை நகரான பெஷாவருக்குச் சென்றார். மலைகளும் பாசறைகளும் சூழ்ந்த அந்நகரில்தான் குதிரையேற்றம், வேட்டை, மீன்பிடித்தல், துப்பாக்கி சுடுதல் ஆகியவற்றை அவர் கற்றார். பிற்காலத்தில் தமது பிழைப்புக்கே இவை அடித்தளமாக அமையும் என்பதை அப்போது அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

1928-இல் தாயுடனும் சிறு வயது மகனுடனும் அவர் மீண்டும் மும்பை திரும்பினார். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு இருபது வயதான அவர் தோள்களில் விழுந்தது.

கடைப் பணியும் சர்க்கஸ் கூடாரமும்

மும்பையில் ஐரோப்பியர் புழங்கிய ‘ஆர்மி அண்டு நேவி’ அங்காடியில் விற்பனையாளராக அவர் பணியில் சேர்ந்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் பயின்றார். அலுவலகப் பணியில் அமர்ந்து அமைதியாக வாழ்வதே அவரது நோக்கமாக இருந்தது.

அந்நாளில் ரஷ்யாவைச் சேர்ந்த நடன ஆசிரியை மேடம் அஸ்ட்ரோவா மும்பையில் பாலே நடனம் கற்பித்து வந்தார். அவரிடம் மாணவியாகச் சேர்ந்த மேரி, விரைவிலேயே அவரது நடனக் குழுவில் ஒருவரானார். ராணுவ முகாம்களிலும், சமஸ்தான அரண்மனைகளிலும், சிறு நகர மேடைகளிலும் அக்குழு நிகழ்ச்சிகளை நடத்தியது.

கைகளை ஊன்றிச் சக்கரம்போல் சுழல்வது, கால்களை இருபுறமும் நீட்டித் தரையோடு தரையாக அமர்வது போன்ற பயிற்சிகளை அங்கு அவர் கைவரப் பெற்றார். சிறிது காலம் சர்க்கஸ் நிறுவனம் ஒன்றிலும் பணியாற்றினார்.

நாடியா என்ற பெயர் இக்காலத்தில் சூட்டப்பட்டதே. பெயரை மாற்றிக்கொண்டால் வாழ்வில் ஏற்றம் உண்டாகும் என்று அர்மீனியப் பெண் சோதிடர் ஒருவர் கூறியதாகவும், அவர் சொன்ன எழுத்தில் தொடங்கும் பெயராக ‘நாடியா’வை மேரி தேர்ந்தெடுத்ததாகவும் அவரது வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது.

வாடியா சகோதரர்கள்

மும்பையில் கப்பல் கட்டும் தொழிலால் புகழ் பெற்ற பார்சி குடும்பம் வாடியா குடும்பம். அக்குடும்பத்தில் பிறந்த ஜாம்ஷெட் வாடியா, சட்டம் பயின்றவர். ஜே.பி.எச். வாடியா என்று திரையுலகம் அவரை அழைத்தது. குலத் தொழிலையும் சட்டத் தொழிலையும் விட்டு, தம்பி ஹோமி வாடியாவுடன் சேர்ந்து அவர் திரைப்படத் துறையில் இறங்கினார். 1933-இல் ‘வாடியா மூவிடோன்’ நிறுவனம் தொடங்கப்பட்டது.

அமெரிக்க மவுனப் படங்களின் சண்டைக் காட்சிகளில் சகோதரர்கள் இருவருக்கும் பெரும் ஈடுபாடு இருந்தது. ஆபத்துகளில் சிக்கி மீளும் நாயகியாகத் தொடர் படங்களில் நடித்த பேர்ல் ஒயிட்டுக்கு இந்தியாவிலும் ரசிகர்கள் மிகுதி. அத்தகைய நாயகி ஒருவரை இந்தியத் திரையில் உருவாக்க இயலுமா என்ற எண்ணம் வாடியா சகோதரர்களிடம் இருந்தது.

லாகூரில் திரையரங்க நிர்வாகியாக இருந்த எருச் காங்கா, நாடியாவைப் பற்றி ஜே.பி.எச். வாடியாவிடம் எடுத்துரைத்தார். பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களும் கொண்ட அப்பெண், மும்பையில் உள்ள வாடியா படப்பிடிப்பு நிலையத்துக்கு வந்தார்.

இந்தி சரளமாகப் பேசவராத வெள்ளைக்காரப் பெண்ணை ரசிகர்கள் ஏற்பார்களா என்ற ஐயம் எழுந்தது. அது பொருளற்ற ஐயமும் அன்று. மவுனப் படக் காலத்தில் ஆங்கிலோ இந்திய, யூத சமூகங்களைச் சேர்ந்த நடிகையர் பலர் முன்னணியில் இருந்தனர். ரூபி மையர்ஸ் ‘சுலோசனா’ என்றும், ரெனி ஸ்மித் ‘சீதா தேவி’ என்றும் இந்தியப் பெயர்களில் புகழ் பெற்றனர். 1931-இல் பேசும் படம் வந்தவுடன், மொழிப் பயிற்சி இன்மை இத்தகையோரில் பலருக்குத் தடையாயிற்று.

நாடியாவுக்கும் ‘நந்தா தேவி’ என்று பெயரிட்டு, கருங்கூந்தல் பின்னலுடன் நடிக்க வைக்கலாம் என்று ஜே.பி.எச். வாடியா கருதினார். அதை நாடியா ஏற்க மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லை என்பதைச் சுட்டிக்காட்டிய அவர், வாடியா என்ற பெயருக்கு நாடியா என்பதே ஓசை நயத்துடன் பொருந்துகிறது என்றும் வாதிட்டார். வேலை தேடி வந்த இடத்தில் முதலாளியிடம் இவ்வாறு வாதிட்டு வென்றதை, அவர் புரிந்த முதல் சாகசம் எனலாம்.

‘தேஷ் தீபக்’ படத்தில் அடிமைப் பெண்ணாகச் சிறு வேடமும், ‘நூர்-ஏ-யமன்’ படத்தில் இளவரசி பரிசாத் வேடமும் அவருக்கு அளிக்கப்பட்டன. ரசிகர்கள் அவரை வரவேற்றனர். சகோதரர்களின் ஐயம் நீங்கியது.

‘ஹண்டர்வாலி’யின் வெற்றி

ஹோமி வாடியா இயக்கத்தில் 1935-இல் ‘ஹண்டர்வாலி’ உருவானது. வட இந்தியப் பேச்சு வழக்கில் ‘ஹண்டர்’ என்ற சொல் சாட்டையைக் குறிக்கும். எனவே, ‘சாட்டைக்காரி’ என்பதே படத் தலைப்பின் பொருள்.

தந்தையான அரசரைச் சிறைப்படுத்திவிட்டு நாட்டையும் தன்னையும் அடையத் துடிக்கும் அமைச்சரை எதிர்த்து, இளவரசி மாதுரி முகமூடி அணிந்து புறப்படுகிறாள். செல்வரிடமிருந்து பறித்து ஏழைகளுக்கு வழங்குகிறாள். பகலில் இளவரசி, இரவில் சாட்டைக்காரி என்ற இரட்டை வாழ்வே கதையின் உயிர்நாடி.

அந்நாளில் அது பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட படமாகக் கருதப்பட்டது. ஆயினும், பெண் ஒருத்தி ஆண்களை அடித்து வீழ்த்தும் படத்தை வாங்கி வெளியிட விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. படம் தோல்வியுற்றால் நிறுவனமே நிலைகுலையும் என்ற நிலையில், தொழில் பங்குதாரர் ஒருவரின் துணையுடன் வாடியா சகோதரர்களே படத்தை வெளியிட்டனர்.

மும்பை கிராண்ட் ரோடு பகுதியில் இருந்த ‘சூப்பர்’ திரையரங்கில் திரையிடப்பட்ட அப்படம், 25 வாரங்களுக்கும் மேல் ஓடியது. சாட்டையைச் சுழற்றி ஓங்கிக் குரல் எழுப்பியபடி நாடியா பாய்ந்து வரும்போது, தரை வகுப்பு ரசிகர்களும் உடன் சேர்ந்து குரல் எழுப்பினர். நாடியாவின் பெயர் தாங்கிய பெல்ட்டுகளும் சாட்டைகளும் கடைகளில் விற்பனைக்கு வந்தன. திரைப்பட நடிகை ஒருவரின் பெயரால் பொருள்கள் விற்கப்படுவது இந்தியாவில் அன்று புதுமை.

நாடக ஆசிரியரும் நடிகருமான கிரீஷ் கர்னாட், தமது சிறு வயது நினைவுகளைப் பிற்காலத்தில் எழுதியபோது, நாடியாவின் அந்த அறைகூவல் ஒலி தம் மனத்தில் நீங்காது பதிந்திருந்ததைக் குறிப்பிட்டார். கர்நாடகத்தின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த சிறுவனின் செவி வரை அக்குரல் எட்டியிருந்தது.

ரயில் கூரையில் சண்டை

1936-இல் வெளிவந்த ‘மிஸ் ஃபிரண்டியர் மெயில்’, நாடியாவை அரச கதைகளிலிருந்து நவீன உலகுக்கு அழைத்து வந்தது. மும்பையையும் பெஷாவரையும் இணைத்த ‘ஃபிரண்டியர் மெயில்’ அக்காலத்தின் புகழ் மிக்க விரைவு ரயில். நாடியாவின் சொந்த வாழ்வும் அவ்விரு நகரங்களுக்கு இடையே கழிந்தது என்பது தற்செயலான பொருத்தம்.

இப்படத்தில், பொய்யான கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட ரயில் நிலைய அதிகாரியின் மகளாக அவர் நடித்தார். ரயில்களைத் தகர்க்கத் திட்டமிடும் கும்பலை அப்பெண் வேட்டையாடுகிறாள். ஓடும் ரயிலின் கூரை மீது அவர் எதிரிகளுடன் மோதும் காட்சி, இந்தியத் திரைப்பட வரலாற்று நூல்களில் இன்றளவும் சுட்டப்படுகிறது.

கணினி வரைகலை என்பதே இல்லாத காலம் அது. மாற்று நடிகர்களைப் பயன்படுத்தாமல், சண்டைக் காட்சிகளில் நாடியாவே நேரில் நடித்தார். சரவிளக்கைப் பற்றி ஊசலாடுவதும், மாடியிலிருந்து குதிரை மீது குதிப்பதும், ஆடவரைத் தலைக்கு மேல் தூக்கி எறிவதும் அவரது அன்றாடப் பணிகளாயின. ‘ஜங்கிள் பிரின்சஸ்’ படத்தில் சிங்கங்களுடன் தோன்றினார். காயங்கள் ஏற்படுவது வழக்கமாக இருந்தது; ஆறியவுடன் மீண்டும் படப்பிடிப்புக்கு வருவதும் வழக்கமாக இருந்தது.

உடற்பயிற்சிக் கலைஞரான ஜான் காவஸ் பல படங்களில் அவருக்கு இணையாக நடித்தார். எனினும், சுவரொட்டியிலும் கதையிலும் முதலிடம் நாடியாவுக்கே. ‘பஞ்சாப் கா பேட்டா’ என்ற குதிரையும், ‘கன்போட்’ என்ற நாயும், ‘ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி’ என்று பட்டப்பெயர் சூட்டப்பட்ட காரும் அவரது படங்களில் நட்சத்திரத் தகுதி பெற்றன.

‘ஹரிக்கேன் ஹன்சா’, ‘லுட்டாரு லல்னா’, ‘பஞ்சாப் மெயில்’, ‘டைமண்ட் குயின்’, ‘பம்பாய்வாலி’ எனப் படங்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1942-இல் வெளியான ‘முகாபலா’வில் இரட்டை வேடங்களில் நடித்தார்.

சண்டைகளுக்கு உள்ளே ஒரு செய்தி

நாடியாவின் படங்களை வெறும் அடிதடிப் படங்கள் என்று அக்காலப் படித்த வர்க்கத்தினர் ஒதுக்கினர். இலக்கியத் தழுவல்களுக்கும் சமூகக் கதைகளுக்கும் கிடைத்த மதிப்பு இவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், இப்படங்களின் உள்ளடக்கம் அத்துணை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

பிரிட்டிஷ் தணிக்கை முறை கடுமையாக இருந்த காலத்தில், விடுதலை என்ற சொல்லையே திரையில் நேரடியாக உரைக்க இயலாது. காங்கிரஸ் இயக்கத்தின்பால் பற்றும், பின்னர் எம்.என். ராயின் கொள்கைகளில் ஈடுபாடும் கொண்டிருந்த ஜே.பி.எச். வாடியா, தாம் கூற விரும்பியதைக் கற்பனை நாடுகளின் கதைகளுக்குள் வைத்தார். கொடுங்கோல் அமைச்சன், சிறைப்பட்ட அரசன், துயருறும் மக்கள் என்று திரையில் தோன்றியவை எதைச் சுட்டுகின்றன என்பதை ரசிகர்கள் உணர்ந்தே இருந்தனர்.

1940-இல் வெளிவந்த ‘டைமண்ட் குயின்’ படத்தில், மும்பையில் கல்வி கற்று ஊர் திரும்பும் பெண்ணாக நாடியா நடித்தார். ஊரைச் சுரண்டும் கும்பலை அவர் அடித்து விரட்டுவதுடன், எழுத்தறிவின் தேவை குறித்தும், பெண்கள் ஆண்களுக்கு அடிமைகள் அல்லர் என்பது குறித்தும் வசனம் பேசுகிறார். அவரது இந்தி உச்சரிப்பில் அயல்நாட்டுச் சாயல் இருந்தது. ஆயினும், அதைக் கேட்டவர்கள் நகைக்கவில்லை.

வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நாடு கிளர்ந்தெழுந்த ஆண்டுகளில், வெள்ளைத் தோல் கொண்ட பெண் ஒருவர் இந்திய வீராங்கனையாகத் திரையில் கொண்டாடப்பட்டார். பிரிட்டிஷ் படைவீரர் ஒருவரின் மகள், அந்த ஆட்சியை மறைமுகமாகச் சாடும் கதைகளின் முகமாக விளங்கினார். ரசிகர்கள் அவரது நிறத்தைப் பார்க்கவில்லை. அவர் யார் பக்கம் நின்றார் என்பதையே பார்த்தனர்.

தமிழில் எழுந்த எதிரொலி

மும்பையில் தோன்றிய இந்த அலை தமிழ்த் திரையுலகையும் தொட்டது. 1937-இல் கே. அமர்நாத் இயக்கத்தில் ‘மின்னல் கொடி’ வெளியானது. சொத்துக்காக உறவினரால் வஞ்சிக்கப்படும் பெண், உயிர் துறக்கும் கொள்ளைக்காரன் ஒருவனின் வேடத்தை ஏற்று எளியோருக்கு உதவும் கதை அது. அந்த வேடத்தில் நடித்த கே.டி. ருக்மணி, தமிழின் தொடக்க கால அதிரடி நாயகியாகத் திரை வரலாற்றாசிரியர்களால் குறிப்பிடப்படுகிறார்.

புராணக் கதைகள் கோலோச்சிய அன்றைய தமிழ்த் திரையில், இத்தகைய நாயகியருக்குத் தொடர்ச்சி வாய்க்கவில்லை. வாளும் சாட்டையும் விரைவிலேயே ஆண்களின் கைகளுக்குச் சென்றன.

‘எங்க வீட்டுப் பிள்ளை’ படத்தில் எம்.ஜி.ஆர். சாட்டையைச் சுழற்றும் காட்சியை அறியாத தமிழர் அரிது. அவரது தாயாரின் ஊரான வடவன்னூர், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பெருமாட்டி உள்ளிட்ட தமிழ் வழங்கும் எல்லைப்புற ஊர்கள் அடங்கிய சித்தூர் வட்டத்தில் உள்ளது. எல்லையின் இருபுறமும் வாழும் மக்களுக்கு அந்தச் சாட்டைக் காட்சி இன்றும் நினைவில் உள்ளது. அப்படம் வெளிவந்தது 1965-இல். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியத் திரையில் அநீதிக்கு எதிராகச் சாட்டை ஓங்கிய கை ஒரு பெண்ணுடையது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1990-இல் தெலுங்கில் வெளியாகி, ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ என்ற பெயரில் தமிழுக்கு வந்த படத்தின் மூலம் விஜயசாந்தி பெற்ற வெற்றி, பெண் நடிகை ஒருவரால் அதிரடிப் படத்தைத் தனித்துத் தாங்க இயலும் என்பதை மீண்டும் மெய்ப்பித்தது. மலையாளத்தில் வாணி விஸ்வநாத் அத்தகைய வேடங்களால் அறியப்பட்டார். ஒவ்வொரு முறையும் இது புதுமையாகப் பேசப்பட்டது; முன்னோடி நினைவுகூரப்படவில்லை.

பிரிந்த நிறுவனம், தொடர்ந்த பயணம்

1940-களின் தொடக்கத்தில் வாடியா சகோதரர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. சமூகப் படங்களிலும் கலைப் படங்களிலும் நாட்டம் கொண்ட அண்ணன், நடனக் கலையை மையமாகக் கொண்ட ‘ராஜ் நர்த்தகி’ போன்ற படங்களின் பக்கம் திரும்பினார். சண்டைப் படங்களைத் தொடர விரும்பிய தம்பி ஹோமி, 1942-இல் ‘பசந்த் பிக்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். நாடியா ஹோமியுடன் சென்றார்.

புதிய நிறுவனத்துக்கு முதுகெலும்பாக அமைந்தது 1943-இல் வெளிவந்த ‘ஹண்டர்வாலி கி பேட்டி’. சாட்டைக்காரியின் மகள் கதையாக உருவான அப்படம், எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் நாடியாவின் பெயருக்குத் திரையரங்கை நிரப்பும் ஆற்றல் இருந்ததைக் காட்டியது. ‘லேடி ராபின்ஹுட்’, ‘தூஃபான் குயின்’, ‘11 ஓ கிளாக்’ ஆகிய படங்கள் அதனைத் தொடர்ந்தன.

விடுதலைக்குப் பின் ரசிகர்களின் விருப்பம் மாறியது. பக்திப் படங்களுக்கும் மாயாஜாலப் படங்களுக்கும் வரவேற்பு பெருகியது. ஹோமி வாடியா ‘ஸ்ரீ கணேஷ் மஹிமா’, ‘ஹனுமான் பாதாள் விஜய்’ போன்ற படங்களை இயக்கினார். அவற்றில் நாயகியாக நடித்தவர், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற மீனா குமாரி. நாற்பது வயதைக் கடந்த நாடியாவின் படங்கள் குறைந்தன. ஆயினும், 1950-களிலும் ‘கார்னிவல் குயின்’ போன்ற படங்களில் அவர் தொடர்ந்து நடித்தார்.

கால் நூற்றாண்டுக் காத்திருப்பு

நாடியாவுக்கும் ஹோமி வாடியாவுக்கும் இடையே மலர்ந்த அன்பு, அவர்கள் இணைந்து பணியாற்றிய தொடக்க ஆண்டுகளிலேயே வேரூன்றியது. ஹோமி அவரைவிட மூன்று வயது இளையவர். பார்சி சமூகத்தின் பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். நாடியாவோ வேற்று நாட்டில் பிறந்தவர், வேற்று மதத்தவர், ஒரு மகனுக்குத் தாய், அதிலும் திரைப்பட நடிகை.

திருமணத்துக்கு ஹோமியின் தாயார் இசையவில்லை. அண்ணன் ஜே.பி.எச். வாடியா இருவருக்கும் ஆதரவாக இருந்தும், தாயாரின் மனம் மாறவில்லை. தாயாரின் சொல்லை மீறி மணம் செய்துகொள்ள ஹோமியும் முற்படவில்லை. அவரை வற்புறுத்த நாடியாவும் முனையவில்லை. இருவரும் வேறு எவரையும் மணந்துகொள்ளாமல் காத்திருந்தனர்.

திரையில் அரசவையைத் துவம்சம் செய்து, வேண்டாத மணத்தை உதறித் தள்ளும் இளவரசியாக அவர் நடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளே இவை. படப்பிடிப்பு முடிந்து வேடத்தைக் களைந்த பின், மணமாகாத துணைவி என்ற நிலையிலேயே அவர் வாழ்ந்தார். குடும்ப மரபின் தடையைச் சாட்டையால் அகற்ற இயலவில்லை.

தாயாரின் மறைவுக்குப் பின்னர், 1961-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். அப்போது நாடியாவுக்கு வயது 53. ஹோமிக்கு வயது 50. நாடியாவின் மகனை ஹோமி தம் மகனாக ஏற்றுக்கொண்டார். தாமதமாக அமைந்த அந்த இல்லறம், நாடியாவின் இறுதி நாள் வரை 35 ஆண்டுகள் நீடித்தது.

திருமணத்துக்குப் பின் திரையுலகிலிருந்து விலகியிருந்த அவர், 1968-இல் வெளியான ‘கிலாடி’ படத்தில் மீண்டும் தோன்றினார். ஜேம்ஸ் பாண்ட் பாணிப் படங்களைக் கேலி செய்யும் கதையான அதில் நடித்தபோது அவருக்கு அறுபது வயது. அதுவே அவரது இறுதிப் படமாக அமைந்தது.

மறதியும் மீட்பும்

அதன் பிறகு நாடியாவின் பெயர் பொது நினைவிலிருந்து மெல்ல மறைந்தது. திரைப்பட வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளே அவருக்கு ஒதுக்கப்பட்டன. சண்டைப் படங்கள் பாதுகாத்து வைக்கத் தகுதியற்றவை என்று கருதப்பட்டதால், அக்காலத்துப் படச்சுருள்கள் பல அழிந்தன. வாடியா குடும்பத்தினர் காத்து வைத்த சில பிரதிகளே எஞ்சின.

ஜே.பி.எச். வாடியாவின் பேரன் ரியாத் வின்சி வாடியா, அந்தப் படச்சுருள்களைக் கொண்டு 1993-இல் ‘ஃபியர்லெஸ்: தி ஹண்டர்வாலி ஸ்டோரி’ என்ற ஆவணப்படத்தை உருவாக்கினார். வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களில் அது வரவேற்பைப் பெற்றது. எண்பது வயதைக் கடந்த நிலையில், தம்மைப் பற்றி உலகம் மீண்டும் பேசுவதைக் காணும் பேறு நாடியாவுக்கு வாய்த்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் அவர் காலமானார். ஹோமி வாடியா 2004-இல் மறைந்தார்.

ஜெர்மன் எழுத்தாளர் டோரதி வென்னர், நாடியாவின் வாழ்க்கை வரலாற்றை ஜெர்மன் மொழியில் எழுதினார். அது 2005-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பிரிட்டன் ஆய்வாளர் ரோசி தாமஸ், நாடியாவின் படங்களை இந்திய விடுதலை இயக்கத்தின் பின்னணியில் வைத்து ஆராய்ந்தார். ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட படங்கள் பல்கலைக்கழகப் பாடங்களில் இடம்பெற்றன.

2017-இல் விஷால் பரத்வாஜ் இயக்கிய ‘ரங்கூன்’ படத்தில் கங்கனா ரணாவத் ஏற்ற நடிகை வேடம் நாடியாவை நினைவூட்டுவதாகப் பரவலாகப் பேசப்பட்டது. நாடியாவின் திரைப் பாத்திரம் தங்களுக்கு உரியது என்று வாடியா நிறுவனம் தொடுத்த வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பெயரை மாற்ற மறுத்த அந்தப் பெண்ணின் முகமூடியும் சாட்டையும், எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் நீதிமன்றத்தில் உரிமை கோரப்படும் சொத்தாக மதிக்கப்பட்டன. 2018 ஜனவரி 8-ஆம் தேதி, அவரது 110-ஆவது பிறந்த நாளையொட்டி கூகுள் நிறுவனம் தனது முகப்பில் அவரது சித்திரத்தை வெளியிட்டது.

இன்று தொலைக்காட்சித் தொடர்களிலும் இணையத் தொடர்களிலும் காவல் துறை அதிகாரியாக, உளவாளியாக, வீராங்கனையாகப் பெண்கள் தோன்றுவது இயல்பாகிவிட்டது. அவர்களுக்குப் பயிற்சியாளர்களும் பாதுகாப்புக் கயிறுகளும் மாற்று நடிகர்களும் கிடைக்கின்றனர். இவற்றில் எதுவுமின்றி ரயில் கூரையில் நின்ற மேரி ஆன் எவன்ஸ், தாயையும் மகனையும் காக்கும் பொருட்டு வேலை தேடி வந்த இளம்பெண்ணாகவே தம் பயணத்தைத் தொடங்கினார்.

அச்சமின்மை அவருக்குப் பிறவியில் வாய்த்த வரம் என்பதைக் காட்டிலும், ஒவ்வொரு நாளும் படப்பிடிப்பில் அவர் செய்து முடித்த வேலை என்பதே பொருந்தும். அவர் நடித்த படங்கள் பல இன்று இல்லை. எஞ்சியுள்ள சில சுருள்களில், குதிரையின் மீது சாட்டையை உயர்த்தியபடி அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.